மலை ஊரில் மணி அடித்த கதை

யாத்திரைக்காரருக்கு வழிகாட்டும் வேலையில் முதலில் பழகவேண்டியது பின்பக்கமாக நடப்பது. மடித்த குடையைத் தூக்கிப் பிடித்து ஒரு கூட்டத்தை மேய்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால், என் பாடு சொல்லாமலே விளங்கும்.

ஒஸ்லோவில் பிறந்து கலை வரலாறு படித்தவள் நான். கோடையில் எங்கள் கத்தோலிக்கத் தமிழரை இத்தாலிக்குக் கூட்டிப்போகிறேன். அந்தோனியாரின் பதுவைக்கும் உரோமாபுரிக்கும் ஆள் பிடிக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில், மலைமேல் இருக்கிற ஒரு சின்ன ஊரைப் பிடிவாதமாகச் சேர்த்தது நான்தான். பழைய மதில், மணிக்கூண்டு, மடத்துச் சுவர் முழுக்க ஓவியம். அதைப் பார்க்காமல் பஸ்ஸில் தாண்டிப் போகிறவர்களை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். ஆனால் பயண முகவர் அருள் அங்கிள் இந்தமுறை தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரு முறைப்பாடு வந்தாலும் அடுத்த வருடம் அந்த ஊர் இல்லை.

ஹொல்ம்லியாவில் விளக்கக் கூட்டம்

பயணத்துக்கு முன், ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் ஆட்களைக் கூட்டி, திரையில் அந்த மலை ஊரின் மதிலைப் போட்டுக் காட்டினேன். சாந்து பூசாமல், கல்லின்மேல் கல் வைத்தே கட்டியிருக்கிறார்கள் என்றேன். எனக்குக் குரல் நல்லது, படமும் நல்லது, ஆட்கள் மயங்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்போது ஸ்டீபன் அங்கிள் கையை உயர்த்தினார். வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் பக்டரியில் பல வருடம் வேலை செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவர் அவர்.

“மதில் பாக்கிறதெண்டா இங்க துறைமுகத்தடியில கோட்டை இருக்குத்தானே பிள்ளை, பஸ் மாதக் கார்டோடயே போயிட்டு வரலாம்.”

இராப்போசன மண்டபம்

அந்த ஊர் வாசலுக்குள் பஸ் போகாது. கல் பதித்த ஏற்றத்தில் எல்லோருடைய முழங்காலும் முனகியது. ஒருவழியாக மடத்துச் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆண்டவருடைய கடைசி இராப்போசனம் சுவர் முழுக்க வரைந்திருக்கிறது. அறையின் உண்மையான யன்னல் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்திலிருந்தே ஓவியத்துக்குள்ளும் வெளிச்சம் விழுவதை விளக்கினேன்.

மற்றவர்கள் கதிரை தேடிப் போக, ஸ்டீபன் அங்கிள் மட்டும் மேசையில் வரைந்திருந்த மீனுக்கு முன்னால் அசையாமல் நின்றார். ஓர் ஆளாவது அகப்பட்டாரே என்ற சந்தோசத்தில் பக்கத்தில் போனேன்.

“பாட்ஸ்பியோர்ட்டில மீனை இப்பிடி வெட்டியிருந்தா மேற்பார்வை பாக்கிற போமன் அண்டைக்கே வீட்டை அனுப்பியிருப்பான்.”

செபஸ்தியாரின் பாதம்

ஊர் அருங்காட்சியகம் முன்பு கோயிலாக இருந்தது. அங்கே மரத்தில் செதுக்கிய செபஸ்தியார் நிற்கிறார், உடம்பெல்லாம் அம்பு. ஒன்றையும் தொடவேண்டாம் என்று வாசலிலேயே சொல்லியிருந்தேன். ஆனால் எங்கள் சனம் சுரூபத்தைக் கண்டால், பாதத்தைத் தொட்டு விரலை முத்தமிடாமல் விலகாது. ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியில் இருந்து வந்த லூர்து அன்ரி மன்னார்க்காரி. தன் ஊர்ப் பாதுகாவலரைக் கண்டதும் கயிற்றுக்கு மேலால் கையை நீட்டிவிட்டார். எச்சரிக்கை மணி அடித்தது. மற்றப் பெண்கள் முழந்தாளிட்டுத் தொடங்கியிருந்த பாட்டு பாதியில் நின்றது.

முறைப்பாடு இனி இத்தாலியனிலேயே வரப்போகிறது என்று நினைத்தேன். சாவிக்கொத்தோடு வந்த காவலாளி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, எங்கள் கோயில்களில் இதுதான் வழக்கம் என்றேன். முழங்காலில் இருந்த பெண்களை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு மணியை நிறுத்திவிட்டு வந்து, இத்தாலியனில் மெதுவாகச் சொன்னார்.

“தொடக்கூடாது. பாடக்கூடாது என்று இங்கே சட்டம் இல்லை.”

பூசைக்குப் பிறகு ஒரு கோப்பி

பாடினார்கள். வெளிநாட்டுப் பயணிகள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஆனாலும் ஒஸ்லோவுக்குத் திரும்பியபின் அருள் அங்கிளின் அழைப்பைப் பயந்துகொண்டே எடுத்தேன். அடுத்த வருடம் இரண்டு பஸ், அந்த ஊரில் ஓர் இரவு தங்கல் என்றார். பியோர்ண்டால் முழுக்க ஒரே கதையாம். லூர்து அன்ரி செபஸ்தியாரைத் தொட்டாராம், பூசையே நடக்காத கோயிலில் மணி அடித்ததாம்.

எனக்குச் சந்தோசம்தான், ஆனால் மனம் ஒப்பவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் அன்ரியைப் பிடித்தேன். அது கள்ளருக்காக வைத்த மணி, சனத்துக்கு உண்மையைச் சொல்லுங்கோ என்றேன். அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அது எனக்கும் தெரியும் பிள்ளை. தொட்டனான், மணி அடிச்சது, அவ்வளவுதான் நான் சொன்னனான். அருள் அந்த ஊரை நிப்பாட்டப்போறார் எண்டு கேள்விப்பட்டனான், எனக்குச் செபஸ்தியாரை இன்னொருக்காப் பாக்கோணும்.”

ஆக, அடுத்த கோடையில் செபஸ்தியாரைத் தொடுவதற்கென்றே இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள், தொடவேண்டாம் என்று சொல்வதற்கு நான் ஒருத்தி.