அக்காவின் கப்பல் கடிகாரம்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. மன்னார் தீவில், பேசாலைக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்தோம். சண்டைக் காலம் என்பதால் தீவை விட்டு வெளியே போவதென்றால் ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும். என் கணவர் கடலுக்குப் போகிறவர். நான் அவருக்கு இரண்டாம் தாரம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நடந்ததெல்லாம் இதனால்தான்.

நான் மலையகத்துக்காரி. கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்தை விட்டு வடக்கே வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. கட்டின சேலையோடுதான் இந்த வீட்டுக்கு வந்தேன். காய்ச்சலில் இறந்துபோன முதல் மனைவி அப்படியில்லை. காணி, அலுமாரி, நகை என்று சீதனத்தோடு வந்தவர். அவரை நான் அக்கா என்றுதான் சொல்லுவேன். வாயில் மரியாதை இருக்கும், வயிறு எரியும்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அக்காவின் சீதனம் எல்லாம் கரைந்துபோய், மிஞ்சியது ஒரு கடிகாரம். அக்காவின் தகப்பனார் தலைமன்னார் இறங்குதுறையில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் கப்பல் அதிகாரி ஒருவர் அதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். உள்ளங்கை அகலத்தில், வெள்ளிக் கூட்டோடு, மூலைக்குப் பித்தளை வைத்த மரப்பெட்டிக்குள் மல்லாந்து கிடக்கும். கப்பலின் மேல்தளத்தில் கையில் வைத்து நேரம் குறிக்கிற கடிகாரம் என்று சொன்னார்கள். அதன் முகத்தில் ஒரு சின்ன வட்டம் உண்டு. அதற்கு ஒரு பக்கம் 'அப்', மறுபக்கம் 'டவுன்' என்று எழுதியிருக்கும். சாவி கொடுத்தால் முள் 'அப்' பக்கம் ஏறும், நேரம் போகப்போக 'டவுன்' பக்கம் இறங்கும்.

என் கணவர் காலையில் எழுந்ததும் சிலுவை போட்டுக்கொள்வார், பெட்டியைத் திறந்து சாவி கொடுப்பார். அதற்குப் பிறகுதான் என் முகம் அவர் கண்ணில் படும். எனக்கு மலேரியா வந்து நடுங்கிக் கிடந்தபோதுகூட, அதற்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் "அவளின்ர மணிக்கூடு இன்னும் ஓடுதோ" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் கடிகாரம் என்பேன், அவர்கள் மணிக்கூடு என்பார்கள். அந்த வீட்டில் அதைக் கூப்பிடுகிற பெயரும் என்னுடையதில்லை.

ஒரு மாரியில் கூரையில் வேய்ந்த தென்னோலைக் கிடுகு இற்றுப்போய் வீடெல்லாம் ஒழுகியது. அதுதான் சாட்டென்று பிடித்துக்கொண்டேன். கடிகாரத்தை விற்றுத் தகரம் போடலாம் என்று ஓயாமல் சொன்னேன். கடைசியில் ஒரு நாள் அவர், "சரி, விலை கேட்டுப் பாப்பம்" என்றார். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஒழுகுகிற இடத்தில் சட்டி வைக்கும்போதுகூடப் பாட்டுத்தான்.

முன்பு உப்புக்குளத்தில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவரை அவருக்குத் தெரியும். தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றியபோது தீவை விட்டுப் போக நேர்ந்தவர்களில் ஒருவர். கொழும்பில் பழைய சாமான் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். பாஸ் எடுத்துக்கொண்டு அவரிடம் புறப்பட்டோம். சோதனையில் சத்தம் கேட்டால் வம்பு, பயணத்துக்காவது கடிகாரத்தை நிறுத்தி வையுங்கள் என்று கெஞ்சினேன். நின்ற மணிக்கூட்டை எப்படி விலை கேட்பது என்று சொல்லி, அன்றைக்கும் சாவி கொடுத்தார்.

கடலுக்கு நடுவே போகிற தாம்போதிப் பாதைக்குப் பக்கத்தில், ஆமி சோதனை போடுகிற சென்றியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. எங்கள் பையைத் தூக்கிய ஆமிப் பொடியன் உள்ளே டிக் டிக் என்ற சத்தத்தைக் கேட்டுவிட்டான். பையைக் கீழே வைத்துவிட்டுத் துவக்கை நீட்டினான். சனம் சிதறி ஓடியது. அவர் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார், அது இன்னும் வினையாகிவிட்டது. சின்ன வட்டத்தில் முள் 'டவுன்' பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. முள் கீழே போய்ச் சேர்ந்தால் வெடிக்கும் என்று அந்தப் பொடியன் நினைத்திருக்க வேண்டும். கடலில் எறி என்று கையைக் காட்டிக் கத்தினான்.

உள்ளதைச் சொன்னால், எறியட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. இத்தனை வருடம் நான் மனதுக்குள் சொன்னதை ஒரு ஆமிக்காரன் வாய்விட்டுச் சொல்கிறான். அவரோ மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டு பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். என்னை ஒரு நாளாவது அப்படிப் பிடித்திருப்பாரா என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். பிறகு துவக்கு அவருடைய நெஞ்சுக்கு நேரே இருப்பதைப் பார்த்தேன்.

அவருக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. எனக்குத் தோட்டத்தில் இருந்தபோது பழகியது. "மாத்தயா, பரண ஓர்லோசுவக்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பழைய கடிகாரம் என்று அர்த்தம். பொடியன் என் பக்கம் திரும்பி, "காகெத?" என்றான். யாருடையது என்று கேட்கிறான். அதுவரை அதை அக்காவின் கடிகாரம் என்று தவிர நான் சொன்னதில்லை. ஆனால் சென்றியில் நின்றுகொண்டு அந்தக் கதையெல்லாம் சொல்ல முடியுமா? "அப்பே" என்றேன். எங்களுடையது.

பிறகு ஒரு அதிகாரி வந்து, காதில் வைத்துக் கேட்டு, சிரித்துவிட்டுப் போக விட்டார். பஸ்ஸில் ஏறியதும் என் கணவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கடைசியா ஒரு சொல்லுச் சொன்னாயே, என்ன அது?" என்று கேட்டார்.

"ஞாபகமில்லீங்க" என்றேன்.

கொழும்பில் அந்த வியாபாரி முதலில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தன் வீட்டு வாசலில் நின்ற வேம்பு இன்னும் நிற்கிறதா என்றுதான் கேட்டார். நிற்கிறது என்று இவர் சொன்ன பிறகே கண்ணாடியைக் கண்ணில் மாட்டினார். பின்மூடியைக் கழற்றி, வெள்ளியில் குத்தியிருந்த சின்ன எழுத்தைப் பார்த்தார். அந்த எழுத்தை வைத்து எந்த ஆண்டில் செய்தது என்று கண்டுபிடிக்கலாமாம். அடுத்து பெட்டியின் ஆணி, கீல், தகட்டில் இருந்த இலக்கம் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார்.

"மணிக்கூடு முதலாம் உலக யுத்தத்துக்கு முந்தினது, நல்ல சாமான். ஆனா பெட்டி அதின்ர பெட்டி இல்ல. இது ரெண்டாம் யுத்த நேரம் செய்தது. இலக்கமும் சேரேல்ல. எங்கட வியாபாரத்தில இதுக்கு மெரிஜ் எண்டு சொல்லுறது. வேற வேற இடத்தில பிறந்ததைக் கலியாணம் கட்டி வச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். விலை பாதிக்கு மேல் போகாது என்றார்.

எனக்கு முகம் சுட்டது. அந்தப் பெட்டியின் மேலும் எனக்குப் பொறாமைதான். அதன் பித்தளை மூலையைப் பார்த்தாலே எரியும். கடைசியில் அதுவும் என்னை மாதிரிப் பிறகு வந்து சேர்ந்ததுதானா?

"அப்ப இந்தப் பெட்டிக்கு ஒரு மதிப்பும் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மூடியை மெதுவாகத் திறந்து மூடிப் பார்த்தார். "தங்கச்சி, இந்தப் பெட்டி இல்லாட்டி எங்கட ஊர் உப்புக் காத்துக்கு உள்ளுக்க இருக்கிற சில்லெல்லாம் எப்பவோ கறள் பிடிச்சிருக்கும். இவ்வளவு காலமும் காப்பாத்தினது இதுதான். ஆனா வாங்க வாறவன் அதுக்குக் காசு தரமாட்டான்" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்து, "குடுப்பமா?" என்றார். சரி என்று நான் சொன்னால் போதும், அக்கா அந்த வீட்டை விட்டுப் போய்விடுவார். ஆனால் பெட்டியையும் என்னையும் சேர்த்துப் பாதி விலைக்குப் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

"பாதி விலைக்கு எதுக்குங்க? மூடுங்க" என்றேன்.

திரும்பி வரும்போது சென்றியில் அதே பொடியன். எங்களைக் கண்டதும் பல்லைக் காட்டிக்கொண்டு, பையைத் தட்டி, "காகெத?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"அப்பே."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அர்த்தம் தெரியுமா என்று கேட்டதற்கு, "கொழும்பில காக்காட்டக் கேட்டனான்" என்றார். காக்கா என்றது அந்த வியாபாரியைத்தான். பஸ்ஸில் ஏறியதும் பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூரைக்கு அந்த வருடமும் கிடுகுதான். அவர் இப்போதும் எழுந்ததும் அதற்குத்தான் சாவி கொடுக்கிறார், எனக்கு இப்போதும் எரிகிறது. ஆனால் பெட்டிக்கு எண்ணெய் பூசித் துடைப்பது நான். அதில் அவரைக் கைவைக்க விடுவதில்லை. யாராவது வந்து இது யாருடையது என்று கேட்டால், அன்றைக்குச் சென்றியில் பயத்தில் சொன்ன அதே சொல்தான் தமிழில் வாயில் வருகிறது; அந்தப் பொய் எந்த நாளில் உண்மையானது என்று எனக்கே தெரியவில்லை.