கோலாக்கொட்டை முன்னே போனது

பஸ்ஸே நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் படிவமும் கையுமாக அலைந்தே சிர்ரா ஜாபிக்குப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. கொசுவலைக் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு, எதுவானாலும் அவள்தான். இந்த முறை, பெண்பிள்ளைகளின் உறுப்பை அறுக்கும் வழக்கத்துக்கு எதிராக ஒரு திட்டம். அதைத் தொடங்குமுன், இதுவரை எத்தனை பேர் அறுபட்டிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும்.

"சொல்லாம கொள்ளாம போயிடலாமே," என்றார் அதிகாரி.

"வர்றோம்னு முறைப்படி கோலாக்கொட்டை அனுப்பாம போனா எவன் கதவைத் திறப்பான்? ஊர்த்தலைவருக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று எரிந்து விழுந்தாள் சிர்ரா. தன் கையாலேயே கொட்டைகளைப் பொட்டலம் கட்டி, எதற்கு வருகிறோம் என்பதையும் சொல்லி அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து முதல் ஊருக்குப் போனாள். ஆறு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகள் முப்பத்தொன்பது. வேடிக்கை பார்க்க ஒன்றுகூட ஓடிவரவில்லை. எல்லாம் பாயில் முனகிக்கொண்டு கிடந்தன.

"யாருக்கு இன்னும் அறுக்கலைன்னு பார்க்க வர்றீங்கன்னு தெரிஞ்சுது. விருந்தாளி முன்னாடி பிள்ளைங்களைக் குறையோட நிறுத்தலாமா தங்கச்சி? பால்குடி வரைக்கும் ஒரே நாள்ல முடிச்சுட்டோம்," என்றாள் தலைவரின் மனைவி, பெருமையாக.

அலுவலகத்தில் படிவத்தைப் புரட்டிய அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"அறுபடாதது ஒண்ணுகூட இல்லையா? பிரமாதம்! இதுக்குக் கீழ போக வழியே இல்ல. இனி எது நடந்தாலும் நமக்கு முன்னேற்றம்தான். மிச்ச ஆறு ஊருக்கும் கோலா போயாச்சுல்ல?"

முதல் ஊருக்குக் கோலா போன அன்றைக்கே போயிருந்தது.