அம்மனுக்கு நேர்ந்த சடை

ஏழு வயது வரை எனக்கு முதுகில் புரளும் சடை இருந்தது. பையனுக்கு எதற்குச் சடை என்று கேட்காதீர்கள். பிறந்த முடியை ராமநாதபுரம் பக்கம் உள்ள குலதெய்வம் கோயிலில்தான் இறக்க வேண்டும், அதுவரை கத்திரிக்கோல் படக்கூடாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். நாங்கள் இருந்ததோ போர்ட் பிளேரில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில். நடுவில் மூன்று நாள் கடல்.

அப்பாவுக்கு ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் வேலை. தீவு தீவாக ஆட்களைக் கப்பலேற்றி அனுப்புகிறவருக்கு மெயின்லேண்ட் போக மட்டும் வாய்க்கவில்லை. ஒரு வருடம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருடம் புயல், கப்பல் ரத்து. அதற்கடுத்த வருடம் லீவும் டிக்கெட்டும் கிடைத்தன. எனக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மனே வீடு தேடி வந்தாள். வந்தவள் முடியையும் கையோடு எடுத்துப் போயிருக்கலாம், போகவில்லை.

தினமும் காலையில் அம்மா எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, இறுக்கிப் பின்னிவிடுவாள். பள்ளியில் பையன்கள் பிடித்து இழுக்க வசதியாக இருந்தது. பாம்பூஃப்ளாட் ஃபெர்ரியில் முன்பின் தெரியாத ஆன்ட்டிகள், "ஆவோ பேட்டி, இதர் பைட்டோ" என்று என்னைப் பெண்பிள்ளையாக நினைத்துத் தங்கள் பக்கம் உட்காரவைத்துக்கொள்வார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் வகுப்பு ஆண்டு விழாவில்தான் என் மானம் கப்பலேறப் பார்த்தது.

டான்ஸ் டீச்சர் என் சடையைக் கையில் தூக்கிப் பார்த்து, "அரே வாஹ்! விக் கீ ஜரூரத் ஹீ நஹீ!" என்று, விக்கே தேவையில்லாத சந்தோஷத்தில் பூரித்துப்போய், பெண்களின் கோலாட்ட வரிசையில் முதல் ஆளாக என்னை நிறுத்திவிட்டார். பாவாடை, வளையல், பூச்சரம் எல்லாம் உண்டாம். விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பள்ளிக்கூடமே பார்க்கும். செத்தேன் என்று நினைத்தேன்.

"முடிய வெட்டிருங்கப்பா" என்று அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"சாமிக்கு நேர்ந்ததுடா. இங்க கை வச்சா குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

பபிள்கம்மை மென்று நானே தலையில் அப்பிக்கொண்டேன். அம்மா தேங்காய் எண்ணெயை ஊற்றி, ஒரு முடிகூட அறாமல் எடுத்துவிட்டாள். அடேயப்பா, என்ன பொறுமை!

மூன்று நாள் கழித்து அப்பா முகம் சிவக்க வீட்டுக்கு வந்தார். அவருடைய ஆபீசரின் மகளும் அதே கோலாட்டத்தில் ஆடுகிறாள். ஒத்திகையைப் பார்த்துவிட்டு வந்த ஆபீசர் படகுத்துறையில் எல்லார் முன்னாலும் அப்பாவின் கையைக் குலுக்கி, "ஆப்கீ பேட்டி பஹுத் அச்சா நாச்தீ ஹை!" என்று, உங்கள் பெண் பிரமாதமாக ஆடுகிறாள் எனப் பாராட்டியிருக்கிறார்.

சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பா கோயில் பூசாரிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "பையன் முடிய இங்கயே எறக்கலாமா? தெய்வக் குத்தம் ஆயிராதுல்ல?"

"தாராளமா எறக்குங்க" என்றார் பூசாரி. "மஞ்சத் துணில முடிஞ்சு, இங்கிட்டு வர்றவுக யார்ட்டயாச்சும் குடுத்து விடுங்க, போதும். இதத்தான் ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே உங்க வீட்டம்மாட்ட சொன்னேனே!"

நானும் அப்பாவும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். அடுப்பில் ஒன்றுமே இல்லாத சமையலறைக்குள் அவள் அவசரமாகப் போனாள்.

மறுநாள் காலையிலேயே சலூனில் மொட்டை. உச்சந்தலையில் முதல் தடவையாகக் கடல்காற்று பட்டது. அப்பாடா! டீச்சர் கோலாட்டத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். வழியெல்லாம் தலையைத் தடவிக்கொண்டே, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அம்மா சந்தனம் குழைத்து மொட்டையில் பூசினாள்.

"ஏம்மா சொல்லல?"

"பொம்பளப் புள்ள பெத்து, தலை பின்னி விடணும்னு எனக்கு எம்புட்டு ஆசை தெரியுமாடா?" என்றாள். "ஒன்னோடதப் போல எவளுக்கு இருக்கு, நீயே சொல்லு."

கோபப்படத்தான் நினைத்தேன். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எப்படியாவது ஒரு தங்கச்சிப் பாப்பாவைக் கொடுத்துவிடு என்று அம்மனிடம் அப்போதே வேண்டிக்கொண்டேன். பதிலுக்கு முடி தருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.