ஆணி அடிக்காமல் குடியிருப்பது

மயிலாப்பூரில் நான் வாடகைக்கு இருக்கும் மாடிப் போர்ஷனில் ஒரே ஒரு சட்டம்தான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார மாமி அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார். காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினேன். கண்ணாடியை அலமாரிமேல் சாய்த்துவைத்தேன்.

அடையாறில் நான் ஆய்வு செய்யும் இடத்திலும் இதே கதைதான். ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில் கடல் எங்கெங்கே மணலை அரிக்கிறது என்பது என் ஆய்வு. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவிடம் அதன் வரைபடத்தைக் காட்டியாக வேண்டும். காட்டினால் இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு, இல்லாவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். ஊரில் அப்பா வங்கித் தேர்வுப் புத்தகங்களை வாங்கி அடுக்கிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரில் இருந்த வரைபட மென்பொருளோ பழசு. என் கோப்பைத் திறந்ததுமே மூடிக்கொள்ளும்.

புதியதைப் போட்டுக்கொள்ள என் கைடு உடனே சம்மதித்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அசைந்துகொடுக்கவில்லை.

"உங்க ஹோம் டைரக்டரியில இன்னா வேணா பண்ணிக்கோங்க மேடம். சிஸ்டத்துல மட்டும் கை வெக்காதீங்க."

கோபத்தில், புதியதை நிறுவும் கட்டளைகளைத் தட்டினேன். மென்பொருள் சர்வரின் பொது இடத்தில் போய் உட்காரப் பார்த்தது. அனுமதி இல்லை என்று சர்வர் துரத்திவிட்டது. பிறகுதான் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். எங்கே உட்காரவேண்டும் என்பதை 'பிரிஃபிக்ஸ்' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் யாருடைய தயவும் வேண்டாம். சர்வரில் எனக்கென்று ஒதுக்கிய ஹோமுக்குள் ஒரு ஃபோல்டர் திறந்து, மென்பொருளையும் அதற்குத் தேவையான லைப்ரரி என்ற துணை நிரல்களையும் அதில் போட்டேன். எல்லாம் சமர்த்தாக ஏறின. ஆசையாக அதன் பெயரைத் தட்டினால், வந்து நின்றது அதே பழைய கிழம்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமி என் பார்சலோடு மாடியேறி வந்தார்.

"வாசல்ல உன் பேரையும் எழுதி வெச்சுக்கோயேன். கூரியர்காரன் எல்லாத்தையும் எங்காத்துலயே குடுத்துட்டுப் போயிடறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயரைத் தட்டினால் சர்வர் தனக்குத் தெரிந்த விலாசங்களில் மட்டுமே தேடும். அந்த விலாச வரிசைக்குப் 'பாத்' என்று பெயர். புது வீடு கட்டிக் குடிவைத்துவிட்டு அதன் விலாசத்தை நான் அதில் சேர்க்கவே இல்லை. கூப்பிட்ட குரலுக்குப் பழைய கிழமே வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை சீக்கிரமே பஸ் பிடித்துப் போய், பாத்தின் முதலிடத்தில் என் ஃபோல்டரைச் சேர்த்தேன். புதியது திறந்தது. அரித்த இடமெல்லாம் சிவப்பாக, குப்பத்துக் கரை திரையில் விரிந்தது. குழுவினர் கேள்விகளால் துளைத்தாலும் நீட்டிப்பைக் கொடுத்துவிட்டார்கள். சர்வர்காரரும் வந்து, மற்றவர்களுக்கும் வேண்டும் என்று அந்த ஃபோல்டரின் விலாசத்தைக் கேட்டார். கொஞ்சம் கெத்தாகத்தான் சொன்னேன்.

பெரிதாக அச்சடித்த வரைபடத்தோடு வீட்டுக்குப் போனேன். மாமி அதை வாங்கி விரித்து வெகுநேரம் பார்த்தார். நான் இன்னும் ஒரு வருஷம் இங்கேதான் என்றேன்.

"இத ஜன்னல்ல கட்டாதே, கிழிஞ்சுடும். ஒரு ஆணி அடிச்சுக்கோ. ஒண்ணே ஒண்ணு."

சந்தோஷத்தில் மேலே ஓடினேன். அப்புறம்தான் உறைத்தது, என்னிடம் ஆணியும் இல்லை, சுத்தியலும் இல்லை. அதையும் மாமியிடமே போய்க் கேட்டேன்.