கடிக்காத செய்யான்

காலை ஏழு மணி. தாராவியில் எங்கள் ஒற்றை அறைக் கோலியின் வாசற்படியில் சின்ன மாமா ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தார். முதலில் என் கண்ணில் பட்டவை இரண்டு மீசைகள். ஈரமான மரப்பட்டைத் துண்டுக்கு அடியிலிருந்து நீண்டு, கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. பிறகு உடம்பு வந்தது. கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்ட, ஒரு சாண் நீளப் பூரான். அவ்வளவு பெரிதாக இருந்தால் திருநெல்வேலிக்காரர்களாகிய எங்களுக்கு அது செய்யான்.

அப்பா வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்புக்குத் தெற்கேயிருந்து ஆவாரம்பட்டை கட்டுக் கட்டாக ரயிலில் வரும். அதற்குள் இருந்து வந்த பிராணி அது. முந்தின நாள் கட்டு இறக்கும்போது மாமாவின் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. ஆனாலும் மாமா அதை நசுக்கவில்லை.

"நம்ம ஊர்க்காரன்ட்டி. டிக்கெட் இல்லாம வந்திருக்கான். அடிக்கலாமா?" என்றார்.

மாமாவும் அப்படித்தான் பம்பாய் வந்தவர் என்று அப்பா சொல்லுவார். அம்மாவின் தம்பி, வயது பதினெட்டு இருக்கும். அப்பாவின் ஷாப்பிலேயே கூப்பிட்ட நாளில் கூலி வேலை. அது யுத்த காலம். ரேஷன் கார்டில் அவர் பெயர் இன்னும் ஏறவில்லை. மூன்று பேருக்கு அளந்த அரிசியை நான்கு பேர் சாப்பிட்டோம். சரியாகச் சொன்னால் மூன்றேகால் பேர். ஏனென்றால் மாமாவுக்குத் தினமும் வயிறு சரியிருக்காது. இரண்டு கை சாப்பிட்டதும், "போதும்க்கா, ஒரு மாதிரி இருக்கு" என்று தட்டை நகர்த்திவிடுவார்.

புட்டியைப் பரண்மேல் குடைக்குப் பின்னால் ஒளித்தோம். செய்யானுக்கு 'மெயில்' என்று பேர் வைத்தேன். ரயிலில் வந்ததாலும், பெட்டி பெட்டியாக உடம்பு இருந்ததாலும். மூடியில் மாமா ஆணியால் துளைகள் போட்டார். பாத்திரம் கழுவும் மோரியில் கரப்பான் பிடித்துப் போடுவது என் வேலை. மெயில் பாயாது, மீசையால் ஒருமுறை தொட்டு உறுதி செய்துகொண்டு, பிறகு முழு உடம்பாலும் கட்டிப்பிடிக்கும். தின்றதும் மீசையை வாய்க்குள் இழுத்து நுனிவரை சுத்தம் செய்யும். சாப்பிட்டபின் கையை ஒழுங்காகக் கழுவாத எனக்கு அதன்மேல் மரியாதை உண்டாயிற்று.

பூரான் கடிக்கு எங்கள் வீட்டு மருந்து கருப்பட்டி. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு ஓலைக் கொட்டான் கருப்பட்டியை அம்மா டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். சீனி கிடைக்காத காலம். அந்தப் பெட்டி திறந்தால் கோலி முழுக்க மணக்கும். முதல் கடிக்கு மாமாவுக்கு ஒரு துண்டு கிடைத்தது. அடுத்த வாரம் மறுபடியும் கடித்தது. அதற்கடுத்த வாரமும் கடித்தது.

எப்படிக் கடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஊசியால் விரலில் இரண்டு புள்ளி. பேசாமல் இருந்ததற்கு எனக்கும் ஒரு விள்ளல் கிடைத்தது. அம்மா ஒருமுறைகூட "எங்க, காட்டு" என்று விரலைக் கேட்கவில்லை. உடனே சாவியை எடுப்பாள். துண்டு வரவர பெரிதாகிக்கொண்டே போனது.

"செய்யானுக்கு ஒன்னைய விட்டா ஷாப்புல வேற ஆளே கெடைக்கலியா மாப்ள?" என்று அப்பா சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. என்னிடம் வந்தபிறகு மெயில் யாரையும் கடிக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு அதன் பேர் கெட்டுக்கொண்டிருந்தது.

மழை தொடங்கிய அன்று அப்பா குடைக்காகப் பரணில் கைவிட்டார். புட்டி வெளியே வந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், குனிந்து செருப்பை எடுத்தார்.

"வீட்டுக்குள்ளயே வச்சித்தான் கடி வாங்குதியோ?"

"அது கடிக்கல!" நான் புட்டியைப் பிடுங்கினேன். "மாமாதான் ஊசியால குத்திக்கிடுதாவ! மெயில் ஒண்ணும் செய்யாது. பாருங்க!"

மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டேன்.

மெயில் மீசையால் ஒருமுறை தொட்டது. பிறகு கடித்தது.

தீக்கங்கை விரலில் வைத்துக் கட்டியதுபோல இருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கோலி மராட்டி அம்மாள் ஓடிவந்துவிட்டாள். மாமா மூடியைத் திருகினார். அம்மா பெட்டியைத் திறந்து கொட்டானை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். கொஞ்சம் தூள் விழுந்தது. இன்னொரு முறை தட்டினாள். அவ்வளவுதான். தூளை விரலால் ஒற்றி என் வாயில் வைத்தாள்.

"ஒரு கொட்டான் நெறையல்லா இருந்துச்சு?" என்றார் அப்பா.

"கடிச்சிட்டுன்னு சொன்னான். குடுத்தேன்."

"ஊசின்னு ஒனக்குத் தெரியாது?"

அம்மா என் விரலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக் கீழே போட்டார். மாமா அந்தக் காலிக் கொட்டானையே பார்த்துக்கொண்டு நின்றார். என் விரலைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

பிறகு புட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் காடிப் பக்கம் புதருக்குள் மெயிலை விட்டுவிட்டதாகத் திரும்பி வந்து சொன்னார். என்னைக் கேட்காமல் விட்டது தப்பு என்று அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

மறுநாள் நான் எழுந்தபோது மாமா இல்லை. பட்டாளத்தில் சேரப் போய்விட்டதாக அம்மா சொன்னாள். நான் காட்டிக்கொடுத்த கோபத்தில்தான் போய்விட்டார் என்று நினைத்து அழுதேன். போனால் போகட்டும், மெயில் இருக்கும் புதர் எது என்றாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்றும் நினைத்தேன்.

சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபடி அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். ஆள் எடுக்கும் இடத்தில் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தார்களாம். எடை போதவில்லை.