ஆய்வுக்குக் கட்டிய திரை

பழி வாங்குவது பாவம் என்று சொல்பவர்கள் யாரும் பிரசவ வார்டு வாசலில் நின்றிருக்கமாட்டார்கள். நான் நின்றிருக்கிறேன். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனை. உள்ளே அக்கா கத்திக்கொண்டிருந்தாள். நர்சிங் படித்துக்கொண்டிருந்த என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினாள் ஒரு நர்ஸ். தனியாகக் கிடந்த அக்காவுக்குக் குழந்தை தங்கவில்லை. "நீ ஏன்டி உள்ள வரல?" என்றுதான் அவள் என்னிடம் முதலில் கேட்டாள்.

சில ஆண்டுகள் கழித்து அதே வார்டுக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தேன். அன்று என்னை வெளியே அனுப்பியவள் இப்போது ஹெட் நர்ஸ். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

பிரசவத்துக்கு வரும் பெண்ணுடன் அவள் வீட்டுப் பெண் ஒருத்தி இருக்கலாம் என்று உத்தரவு வந்து வெகுநாளாகியிருந்தது. கட்டில்களை மறைக்கத் திரைகள், துணைக்கு வருபவர் உட்கார நாற்காலிகள், எல்லாம் வந்து ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தன. "கூட ஒருத்தியாம்! லேபர் ரூம் இன்னா சந்தையா?" என்பாள் ஹெட் நர்ஸ். ஆய்வு நாளில் மட்டும் திரையைக் கட்டுவோம். அதிகாரிகள் வண்டி கேட்டைத் தாண்டியதும் அவிழ்த்துவிடுவோம். புதிய முறைக்கு நாங்கள் தயார் என்று ஒவ்வொரு முறையும் அவர்கள் எழுதிக்கொண்டு போவார்கள்.

அன்றும் ஆய்வு. கல்வராயன் மலையிலிருந்து முந்தைய நாள் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் இன்னும் வலியில் இருந்தாள். அவள் அம்மாவை ஹெட் நர்ஸ் விரட்டிவிட்டிருந்தாள். காலையில் என்னைக் கூப்பிட்டு, "அந்த மலைக்காரியக் கூட்டியாந்து மவ பக்கத்துல உக்கார வை. அதுங்க வாயே தொறக்காது" என்றாள்.

வாசல் வேப்பமரத்தடியில் அந்த அம்மாவோடு முந்தைய நாள் டீ குடித்தவள் நான். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். "யாராச்சும் கேட்டா நடந்தத அப்படியே சொல்லுங்கம்மா" என்று மட்டும் சொல்லி உள்ளே அழைத்துப் போனேன்.

ஆய்வுக்கு வந்த டாக்டரம்மா அவரிடம், "பொண்ணு கூடவே இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"எங்கங்க? நேத்து முழுக்க மரத்தடியிலதான் குந்திக்கினு இருந்தேன். இந்தத் துணியே இன்னிக்கிக் காலையிலதான் கட்டுனாங்க. உள்ள வந்தா போலீசக் கூப்டுவேன்னு இந்தம்மாதான் தொரத்துனாங்க." அவர் விரல் நேராக ஹெட் நர்ஸைக் காட்டியது.

டாக்டரம்மா எல்லார் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். இனிச் சொல்லாமல் வருவோம், திரையை அவிழ்க்கக் கூடாது என்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது. இரக்கம் துளியும் வரவில்லை. மதியம் அந்தப் பெண் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே பிள்ளை பெற்றாள். குழந்தை வீறிட்டு அழுதது.

வீட்டுக்குப் போனதும் அக்காவுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த நர்ஸ் அழுதாளா?"

"அழுதாக்கா. ஸ்டோர் ரூம்ல ஒக்காந்துக்கினு."

"பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"யாரும் இல்ல."

"தனியாவே இருக்கட்டும்" என்று சொல்லி போனை வைத்தாள்.