லேபிள் கிழியாத போத்தல்கள்

அரிசி எடுக்கத்தான் கெல்லருக்கு இறங்கினேன். ஹனோவரில் நாங்கள் இருக்கிற குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்துக்கடியில் பலகை அடித்து மறித்த ஒரு சின்ன அறை உண்டு. எங்களுடையதில் அரிசி மூட்டை, பனிக்கால ரயர், படிக்கப்போன பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன சைக்கிள், இவ்வளவுதான் இருக்கும். அன்றைக்கு ரயருக்குப் பின்னால் ஒரு பழைய போர்வை கிடந்தது. நான் போட்டதல்ல. தூக்கிப் பார்த்தேன். ஒரு பெட்டி பியர்ப் போத்தல். இருபதும் வெறும் போத்தல்.

என் கணவர் குடியை விட்டு ஆறு வருடம். எப்படி விட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மகள் பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிய விழாவுக்குக் குடிவெறியில் வந்தார். அவளைக் கட்டிப்பிடிக்கிறேன் என்று மேடையில் ஏறி, பூச்சாடியோடு விழுந்தார். அவ்வளவு சனமும் பார்த்தது. மகள் இரண்டு மாதம் தகப்பனோடு கதைக்கவில்லை. நான் கதைத்தேன், ஒரே ஒரு தரம். "இனி ஒரு சொட்டு வாயிலை படட்டும், நான் டிரெஸ்டனுக்கு அக்காவிட்டைப் போயிடுவன். திரும்பி வரமாட்டன்." நான் சொன்னால் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும். வைத்தியர் போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போனார். விட்டார்.

அவர் விட்டார், நான் விடவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டுக்குப் பொலிஸ் நான்தான். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றக் குனியும்போது அவர் வாயை மணந்து பார்ப்பேன். ஜாக்கெட்டை மாட்டுகிற சாட்டில் பையைத் துழாவுவேன். ஆறு வருடமாக ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் குறைந்ததா என்றால், இல்லை. கள்ளன் கெட்டிக்காரனாகிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

இப்போது கெல்லரில் பெட்டி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பீங்கான் மூடியைக் கம்பியால் அழுத்திப் பூட்டுகிற போத்தல்கள். உள்ளே பளிச்சென்று கழுவியிருந்தது. மூக்கை வைத்தால் சவர்க்கார மணம். வெளியே லேபிள் கிழியாமல் கசங்காமல் அப்படியே இருந்தது. இந்த நாட்டில் வெறும் பியர்ப் போத்தலை வீட்டில் எவர் வைத்திருக்கிறார்கள்? சாமான் வாங்கப் போகும்போது கடை மெஷினில் போட்டு, போத்தலுக்குக் கட்டின காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வருவதுதானே வழக்கம்? குடித்த போத்தலைக் கழுவி, போர்வையால் மூடி ஒளித்து வைக்கிற ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை. போர்வையைப் பழையபடி மூடினேன். அரிசியை மறந்து மேலே வந்துவிட்டேன்.

நேரே கேட்டிருக்கலாம்தானே என்பீர்கள். கேட்டால் இல்லை என்பார். குடித்த காலத்தில் பச்சைப் பொய்யை முகம் மாறாமல் சொன்ன மனுசன். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு அடுத்த கிழமை அவர் வாயில் இஞ்சி மணத்தது.

சமைக்கிறவள் நான். அரைக் கிலோ இஞ்சி நாலு நாளில் முடிந்தால் எனக்குத் தெரியாதா? வெற்றிலை, ஏலக்காய், பல்பசை என்று பழைய காலத்தில் எத்தனையோ போட்டு மணத்தை மறைத்தவர்தான். இஞ்சி புதிது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்றாள் அக்கா. "மனுசன் தடிமனுக்கு இஞ்சி குடிச்சிருப்பார். சும்மா கிட."

நான் சும்மா கிடக்கவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்குக் காலை வேலை, இரண்டு மணிக்கே வீட்டில் நிற்பேன். அவர் களஞ்சிய வேலை முடிந்து வர ஐந்தாகும். இடையிலுள்ள மூன்று மணி நேரம் எனக்குக் கெல்லர் நேரமானது. ஒரு புதன்கிழமை போர்வையைத் தூக்கினால், பத்துப் போத்தலில் ஏதோ நிறைந்திருந்தது. ஒவ்வொரு கழுத்திலும் ஒட்டுத்தாளில் ஒரு திகதி, அவருடைய கையெழுத்தில். குடிக்கிறதற்கும் நாள் பார்த்து எழுதிவைக்கிற அளவுக்கு வந்துவிட்டாரா?

ஒன்றின் கம்பியைத் தள்ளினேன். டப் என்று திறந்து நுரை பொங்கியது. மணந்தேன். புளித்த மணம், பியர் மணத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம், அதற்கு மேல் இஞ்சி. எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. பியருக்குள்ளேயே இஞ்சியை இடித்துப் போட்டிருக்கிறார், குடித்தாலும் வாய் காட்டிக்கொடுக்காது! ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். வைக்கவில்லை. இருபது வருடம் என் வீட்டைத் தின்ற சாமான் என் நாக்கில் படக்கூடாது என்று எனக்கொரு வைராக்கியம். பேனையால் ஒவ்வொரு ஒட்டுத்தாளின் ஓரத்திலும், மட்டம் எதுவரை என்று சின்னக் கோடு போட்டு மூடிவைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இறங்கினேன். ஒவ்வொன்றாகத் திறந்து, மணந்து, மட்டம் பார்த்து மூடுவேன். மட்டம் ஒரு மயிரளவும் குறையவில்லை. அது எனக்கு ஆறுதல் தந்திருக்க வேண்டும். எனக்கோ பயம் கூடிக்கொண்டே வந்தது. குடிகாரன் குடிக்காமல் சேர்க்கிறான் என்றால் எதற்குச் சேர்க்கிறான்?

கீழ்வீட்டில் ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார், வேலையால் ஓய்ந்தவர். தானே வீட்டில் பியர் காய்ச்சுகிறவர். அவர் காய்ச்சுகிற நாளில் மாடிப்படி முழுக்கப் புண்ணாக்கு ஊறவைத்த மணம் வரும். என் கணவர் சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தார். அந்த மனுசனை வாசலில் மறித்து, என் கணவர் உங்களிடம் எதற்கு வருகிறார் என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உங்கள் கணவர் கெட்டிக்காரர், சீக்கிரம் பழகிவிட்டார் என்றார். முதலில் திருகுமூடிப் போத்தலில் ஊற்றியதாகவும், அதில் இரண்டு வெடித்ததாகவும், கம்பிப் பூட்டுப் போத்தலுக்குத்தான் அந்த அமுக்கம் தாங்கும் என்று தானே கொடுத்ததாகவும் சொன்னார். "ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. நான் லேபிளை எல்லாம் சலவைச் சோடாவில் ஊறவைத்துக் கழற்றி எறிகிறேன். அவர் லேபிள் கிழியாத போத்தலாகப் பார்த்துப் பொறுக்குகிறார்."

"எதை ஊற்றுகிறார்?" என்று கேட்டேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். "அதை அவரிடமே கேளுங்கள்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாங்கிக் குடிக்கிற நிலை போய்க் காய்ச்சிக் குடிக்கிற நிலைக்கு வந்துவிட்டார்! எங்கள் ஊரில் குடிக்கிறவனையாவது பாவம் என்பார்கள். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனுக்குப் பெண்கூடக் கொடுக்கமாட்டார்கள். அன்றைக்கே அலுமாரியிலிருந்து பயணப் பையை இறக்கித் தூசி தட்டி வைத்தேன். உடுப்பு ஒன்றும் வைக்கவில்லை. இன்னும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லையே.

அந்த வாரம் என் கணவருக்கு என்னவோ முகம் சரியில்லை. ஒருநாள் ஒரு சின்னப் பையோடு வந்தார். அவர் குளிக்கும்போது பார்த்தேன், போத்தல் மூடிக்குப் போடுகிற சிவப்பு றப்பர் வளையங்கள். அடுத்த நாள் கெல்லரில் எல்லா மூடியிலும் பழைய வளையத்தைக் கழற்றிப் புதியது போட்டிருந்தார். இவ்வளவு கரிசனையை ஒருநாளாவது என்னில் காட்டியிருப்பாரா என்று எரிந்துகொண்டு, ஒவ்வொன்றையும் திறந்து மணந்து மூடினேன்.

சனிக்கிழமை என் தம்பியின் ஐம்பதாவது பிறந்தநாள். நகரத்துக்கு வெளியே மண்டபம் எடுத்திருந்தான். இவர் நாலு போத்தலைத் துவாயில் சுற்றிக் காரின் பின்னால் வைத்ததை யன்னலால் பார்த்தேன். ஓகோ, இதற்குத்தானா சேர்த்தது! ஒன்றும் தெரியாதவள்போல் சேலையைச் சரிசெய்துகொண்டு போய் முன்னால் ஏறினேன்.

எங்கள் ஆட்களின் விழாக்களில் ஆண்களுக்கென்று ஒரு மூலை உண்டு. அந்த மூலையில் வெறுங்கையோடு ஓர் ஆண் நிற்க முடியாது. நின்றால் எவராவது ஒரு போத்தலைத் திறந்து கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள், ஏன் என்று சொன்னால் சிரிப்பார்கள். அதில் முதல் ஆள் என் தம்பிதான். "அத்தானுக்கு அக்கா இன்னும் லைசென்ஸ் குடுக்கேல்லையோ?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பான். அதனாலேயே ஆறு வருடமாக இவர் கேக் வெட்டும்வரை காருக்குள் போய் இருந்துவிடுவார். பனியிலும் இருந்திருக்கிறார். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைக்கு அவர் காருக்குப் போகவில்லை. நான் றோல்ஸ் தட்டோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டே ஒரு கண்ணை அவர் மேலேயே வைத்திருந்தேன். ஆண்களின் மூலையில் நடுவில் நின்றார். கையில் போத்தல், லேபிள் எல்லோருக்கும் தெரியும்படி. ஒரு மிடறு குடித்தார். தம்பி என்னவோ சொல்ல, தலையைப் பின்னால் எறிந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கன காலம். அதுவே எனக்குச் சாட்சியாகப் போயிற்று.

தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. நேரே போய்ப் போத்தலைப் பறித்தேன்.

"ஆறு வருஷம்! ஆறு வருஷமா என்னை ஏமாத்தினனீரோ? பிள்ளையளை ஏமாத்தினனீரோ?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது. இவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"மெதுவாக் கதையுமப்பா. அது இஞ்சி," என்றார் அடிக்குரலில். "இஞ்சியும் சீனியும் கொஞ்சம் ஈஸ்டும். ரெண்டு நாளிலை கெல்லர்க் குளிருக்கை வைச்சா வெறி ஏறாது. பார்த்துப் பார்த்துத்தான் செய்தனான். வாயிலை வைச்சுப் பாரும்."

வைத்தேன். வைராக்கியத்தை எல்லாம் மறந்து அத்தனை பேருக்கு முன்னால் போத்தலைக் கவிழ்த்துக் குடித்தேன். இஞ்சிதான். இனிப்பும் காரமும். ஊரில் கடைகளில் விற்கிற இஞ்சிச் சோடாவின் ருசி, ஆனால் காஸ் துளியும் இல்லை. பத்து நாளாக நான் திறந்து திறந்து மூடியதில் எல்லாம் போய்விட்டிருந்தது. மூடி வழியாகக் காஸ் கசிகிறது என்று நினைத்துத்தான் றப்பர் வளையத்தை மாற்றியிருக்கிறார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"ஈஸ்ட் எண்டு சொன்னா நீர் விடுவீரோ?" அவர் இன்னும் அடிக்குரலில்தான் பேசினார். "பியர்ப் போத்தல் கையிலை இருந்தா ஒருத்தரும் என்னைக் கேக்கமாட்டினம். இவையளோடை நிண்டு கதைக்கலாம். அவ்வளவுதான்."

லேபிள் கிழியாத போத்தலாக ஏன் பொறுக்கினார் என்பது கீழ்வீட்டுக்காரருக்கு விளங்காதது போலவே எனக்கும் அதுவரை விளங்கியிருக்கவில்லை. ஆறு வருடம் பூட்டின காருக்குள் இருந்த மனுசன் தனக்கென்று ஒரு மறைப்புச் செய்திருக்கிறார். அதை நான் ஊருக்கு முன்னால் இழுத்துக் கிழித்துவிட்டேன்.

தம்பி என் கையிலிருந்து போத்தலை வாங்கி மணந்தான். ஒரு மிடறு குடித்தான்.

"அட, இது இஞ்சித் தண்ணியடா! அத்தான் இவ்வளவு நேரமும் எங்களைப் பேக்காட்டியிருக்கிறார்!"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பென்று சொல்லமாட்டேன், பிறந்தநாள் வீட்டில் சிரிக்கிற சிரிப்புத்தான். தம்பி ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டான். ஒரு போத்தலை எடுத்துத் திறந்து இவர் கையில் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பிடிக்கவும் வைத்தான்.

"பிடியுங்கோ அத்தான். இது உண்மையான சாமான். அக்கா, இண்டைக்கு ஒரு நாள் விடுங்கோ."

இவர் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் கழுத்தால் ஐஸ் தண்ணீர் வழிந்து அவர் சட்டைக் கைக்குள் இறங்கியது. வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பறித்துவிடு என்று மனம் சொன்னது. ஒரு போத்தலை அப்போதுதான் பறித்தவள், என் கை எழவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் என் பக்கம் குனிந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"வீட்டை போவமப்பா. இஞ்சை இன்னும் அஞ்சு நிமிசம் நிண்டா நான் இதைக் குடிச்சுப்போடுவன்."

எத்தனை தரம் அந்த வாயை மணந்து பார்த்திருக்கிறேன். குடிக்க ஆசையாக இருக்கிறதா என்று அந்த வாயிடம் ஒருநாளும் கேட்டதில்லை. விட்டவர் விட்டார், ஆசையும் அதோடு போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

போத்தலை அவர் விரல்களிலிருந்து எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தேன்.

"அக்கா, கேக் இன்னும் வெட்டேல்லை," என்றான்.

"நீ வெட்டு. நாங்கள் போறம்," என்று சொல்லிவிட்டு இவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அந்தக் கை ஈரமாக, ஐஸாகக் குளிர்ந்திருந்தது.